குல்மார்க்கில் முதல் பனிச்சறுக்கு விடுமுறை: தொடக்கநிலையினர் திட்டமிடும் முறை

காஷ்மீரின் பீர் பஞ்சால் மலைத்தொடரில் கிண்ணம் போல் குழிந்து கிடக்கும் குல்மார்க் புல்வெளி, கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஏறத்தாழ நம் தொட்டபெட்டா சிகரத்தின் உயரம்தான். குளிர்காலத்தில் அங்கே செல்லும் பயணிகளில் பெரும்பாலோர் கேபிள் காரில் ஏறி, படம் எடுத்துக்கொண்டு, மாலைக்குள் ஸ்ரீநகருக்குத் திரும்பிவிடுகிறார்கள். காலில் ஸ்கீ பலகையை மாட்டிக்கொண்டு உண்மையாகவே சறுக்கக் கற்க விரும்பும் ஒருவர் வேறு விதமாகத் திட்டமிட வேண்டும். முதல் முறை செல்பவரின் நேரம் முழுவதும் ஊரை ஒட்டிய இருநூறு மீட்டர் நீளச் சரிவிலேயே கழியும். இதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டால், எதற்குச் செலவிட வேண்டும், எதில் மிச்சம் பிடிக்கலாம் என்பது தானாகவே விளங்கிவிடும்.

படி 1: தேதியை முடிவு செய்தல்

காஷ்மீரிகள் கடுங்குளிர் காலத்தை மூன்றாகப் பிரிப்பார்கள். டிசம்பர் 21 அன்று தொடங்கும் நாற்பது நாள்கள் சில்லை கலான். அதன் பிறகு இருபது நாள்கள் சில்லை குர்த். கடைசிப் பத்து நாள்கள் சில்லை பச்சே. முதல் நாற்பது நாள்களில்தான் கனத்த பனிப்பொழிவு வரும் என்பது பழைய கணக்கு. அந்தக் கணக்கு இப்போது அடிக்கடி தவறுகிறது. 2024 ஜனவரியில் குல்மார்க் பனியே இல்லாமல் பழுப்பு நிறப் புல்வெளியாகக் கிடந்தது; மாத இறுதியில்தான் பனி பெய்யத் தொடங்கியது. 2025 பிப்ரவரியில் அங்கே நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள், போதிய பனி இல்லாததால் மார்ச் மாதத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டன. அரசே தேதியை மாற்ற வேண்டியிருந்தது என்றால், கிறிஸ்துமஸ் விடுமுறையை நம்பி விமானச்சீட்டு வாங்கும் குடும்பத்தின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே பிப்ரவரி முதல் மூன்று வாரங்களுக்குள் ஒரு தேதியைத் தேர்ந்தெடுப்பதே என் பரிந்துரை. அப்போது அடிப்பனி படிந்திருக்க வாய்ப்பு அதிகம். டிசம்பர் கடைசி வாரத்தின் நெரிசலும் இருக்காது.

எத்தனை நாள் தேவை? சரிவில் ஐந்து நாள், பயணத்துக்கு இரண்டு நாள், பனியால் சாலையோ விமானமோ நின்றுபோனால் ஈடுகட்ட ஒரு நாள் என எட்டு நாள்களை ஒதுக்குங்கள். மூன்று நாளில் கற்றுவிடலாம் என்று சிலர் கூறுவார்கள். மூன்றாம் நாள்தான் உடல் வலி உச்சத்தில் இருக்கும். நான்காம் நாள்தான் சறுக்குவது சுகமாக மாறும். அந்த நான்காம் நாளுக்கு முன்பே ஊர் திரும்புவது, சமைத்துவிட்டுச் சாப்பிடாமல் எழுவதைப் போன்றது.

படி 2: பயண ஏற்பாடு

தமிழ்நாட்டிலிருந்து செல்பவர்கள் பெரும்பாலும் டெல்லி வழியாக ஸ்ரீநகருக்குப் பறக்கிறார்கள். டெல்லியின் மூடுபனியும் ஸ்ரீநகரின் பனிப்பொழிவும் சேர்ந்து விமானங்களைத் தாமதப்படுத்தும் என்பதால், டெல்லியில் இரண்டு விமானங்களுக்கு இடையே போதிய இடைவெளி விடுவது அவசியம். நேரமும் பொறுமையும் உள்ளவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. கன்னியாகுமரியிலிருந்து கத்ரா வரை ஹிம்சாகர் விரைவு ரயில் வாரம் ஒருமுறை செல்கிறது. கத்ராவிலிருந்து செனாப் பாலத்தின் மீது ஸ்ரீநகர் செல்லும் வந்தே பாரத் ரயில் 2025 ஜூன் 6 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. விமானங்கள் ரத்தாகும் நாள்களில் இந்த ரயில் ஒரு நல்ல மாற்று.

ஸ்ரீநகரிலிருந்து குல்மார்க் சுமார் 50 கிலோமீட்டர். அதில் கடைசி 13 கிலோமீட்டர், அதாவது டங்மர்க் என்ற சிற்றூரிலிருந்து மேலே ஏறும் வளைவுப் பாதைதான் கவனிக்க வேண்டிய பகுதி. பனி விழுந்த நாள்களில் சக்கரங்களுக்குச் சங்கிலி கட்டிய வண்டிகளையோ நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டிகளையோ மட்டுமே மேலே விடுவார்கள். வாடகை வண்டி பேசும்போதே, "குல்மார்க் வரை கொண்டுபோய் விடுவீர்களா, டங்மர்க்கில் வண்டி மாற வேண்டுமா?" என்று கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

இரண்டு சிறு குறிப்புகள். பிற மாநிலங்களில் வாங்கிய பிரீபெய்டு சிம்கள் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. குழுவில் ஒருவரிடமாவது போஸ்ட்பெய்டு இணைப்பு இருக்க வேண்டும். 2025 ஏப்ரலில் பஹல்காமில் நடந்த தாக்குதலுக்குப் பின் பல சுற்றுலா இடங்கள் சில காலம் மூடப்பட்டிருந்ததால், பணம் கட்டுவதற்கு முன் அரசின் அப்போதைய அறிவிப்புகளைப் பார்த்துக்கொள்வது நல்லது.

படி 3: தங்குமிடம்

விடுதியின் நட்சத்திரங்களை எண்ணுவதை விட நான்கு கேள்விகளைக் கேட்பது மேல். இரவு முழுவதும் அறை சூடாக இருக்குமா? மின்சாரம் போனால் ஜெனரேட்டர் எத்தனை மணி நேரம் ஓடும்? வெந்நீர் எந்த நேரங்களில் கிடைக்கும்? பயிற்சிச் சரிவுக்கு நடந்தே போக முடியுமா? கடைசிக் கேள்விதான் முக்கியம். சறுக்குக் காலணியுடன் பனியில் ஒரு கிலோமீட்டர் நடப்பது, அதே தூரத்துக்கு உரலைச் சுமப்பதற்குச் சமம். குளிருக்கு அஞ்சி கரி அடுப்பையோ காங்கிரி எனும் காஷ்மீரிக் கணப்புச் சட்டியையோ மூடிய அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்காதீர்கள். எரியும் கரியிலிருந்து வரும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. ஆபத்து தெரியும் முன்பே மயக்கம் வந்துவிடும்.

படி 4: ஆறு வாரங்களுக்கு முன்பே உடலைத் தயார் செய்தல்

பனிச்சறுக்கில் தொடைகள்தான் முழு வேலையும் செய்கின்றன. அதுவும் முழங்கால் மடிந்த நிலையில் நீண்ட நேரம் எடையைத் தாங்க வேண்டும். இதற்கு உடற்பயிற்சிக் கூடம் தேவையில்லை. தினமும் நிதானமாகச் செய்யும் தோப்புக்கரணம், சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலியில் அமர்வது போல் ஒரு நிமிடம் நிற்பது, மாடிப்படிகளை மெதுவாக இறங்குவது ஆகிய மூன்றும் போதும். ஏறுவதை விட இறங்குவதே பயனுள்ளது. சரிவில் தசைகள் நீண்டபடியே எடையைத் தாங்குவதைப் போன்ற வேலை அதில்தான் கிடைக்கிறது.

படி 5: உடையும் கருவிகளும்

எதை வாங்குவது, எதை வாடகைக்கு எடுப்பது என்பதற்கு ஓர் எளிய விதி உண்டு. உடலை ஒட்டியிருப்பவற்றை வாங்குங்கள். மற்றவற்றை வாடகைக்கு எடுங்கள். உள்ளாடை, காலுறை, நீர்புகாத கையுறை, கண்களைக் காக்கும் சறுக்குக் கண்ணாடி ஆகியவை வாங்க வேண்டியவை. ஸ்கீ பலகை, காலணி, ஊன்றுகோல், தலைக்கவசம் ஆகியவற்றை குல்மார்க்கிலேயே வாடகைக்கு எடுக்கலாம்.

நம் ஊர்ப் பழக்கத்தில் பருத்திதான் நல்லது என்று எண்ணிவிடுகிறோம். பனியில் பருத்தி பகை. வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு, நின்ற மறுநிமிடமே அது உடலைக் குளிரச் செய்கிறது. கம்பளி அல்லது செயற்கை இழையால் ஆன உள்ளாடை, அதன் மேல் ஃபிளீஸ், வெளியே காற்றும் நீரும் புகாத மேலாடை என மூன்று அடுக்கு அணிய வேண்டும். உயரம் கூடக்கூடப் புற ஊதாக் கதிர்களின் வலு கூடும். புதுப்பனி அவற்றில் பெரும்பகுதியைத் திருப்பி முகத்தின் மேலேயே அடிக்கும். மேகமூட்டமான நாளிலும் கண்ணாடியைக் கழற்றாதீர்கள். மூக்கின் அடிப்பகுதிக்கும் மோவாய்க்கும் சன்ஸ்கிரீன் பூச மறவாதீர்கள்.

காலணியைத் தேர்ந்தெடுப்பதில் அவசரம் கூடாது. இந்த இடத்தில்தான் நான் ஏமாந்தேன். முதல் பயணத்தில் ஒரு கடைக்காரர் கொடுத்த காலணி தாராளமாக இருந்தது. வசதியாக இருக்கிறதே என்று மகிழ்ந்து, இரண்டு ஜோடி காலுறை போட்டு நிரப்பிக்கொண்டேன். சரிவில் நான் காலைத் திருப்பினேன், காலணி திரும்பவில்லை. ஸ்கீ காலணியின் அளவு, பாதத்தின் நீளத்தைச் சென்டிமீட்டரில் குறிப்பதாகும். வீட்டிலேயே குதிகாலைச் சுவரில் ஒட்டி நின்று பாதத்தை அளந்து எழுதிக்கொண்டு போங்கள். ஒரே ஒரு ஜோடி காலுறையுடன் அணிந்து நிமிர்ந்து நிற்கும்போது விரல் நுனிகள் முன்பக்கத்தை லேசாகத் தொட வேண்டும். முழங்காலை முன்னே மடக்கும்போது விலக வேண்டும். குதிகால் மேலெழக் கூடாது. பலகையின் நீளம் நெஞ்சுக்கும் மோவாய்க்கும் இடையில் இருந்தால் தொடக்கநிலையினருக்குத் திருப்புவது எளிது. விழும்போது காலணியை விடுவிக்கும் பிணைப்பை உங்கள் எடைக்கேற்ப அமைக்க வேண்டும் என்பதால், எடை கேட்காமல் பலகையை நீட்டும் கடையை விட்டு நகர்ந்துவிடுங்கள்.

படி 6: பயிற்றுநரும் முதல் நாள்களும்

மிச்சம் பிடித்த பணத்தையெல்லாம் இதில் செலவிடுங்கள். சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் குல்மார்க்கில் இயங்கும் இந்திய பனிச்சறுக்கு மற்றும் மலையேற்ற நிறுவனம் முறையான வகுப்புகளை நடத்துகிறது. தனிப் பயிற்றுநர்களும் உள்ளூரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒரே பயிற்றுநரிடம் தொடர்ந்து ஐந்து நாள் கற்பது, நாளுக்கொருவரிடம் கற்பதை விடப் பல மடங்கு பயன் தரும்.

முதல் நாள் சறுக்கலே இருக்காது என்று எண்ணிக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் விழுவது, பலகைகளைச் சரிவுக்குக் குறுக்கே வைத்து எழுவது, நண்டு போல் பக்கவாட்டில் படிப்படியாக மேலேறுவது ஆகியவைதான் பாடம். அடுத்தது கலப்பை நிலை. பலகைகளின் முன்நுனிகளை நெருக்கி, பின்பகுதிகளை அகட்டி, உள்விளிம்புகளால் பனியை அழுத்தி வேகத்தைக் குறைப்பது. இங்கே எல்லோரும் செய்யும் பிழை பின்னால் சாய்வது. பயம் உடலைப் பின்னுக்கு இழுக்கும். பின்னால் சாய்ந்ததும் பலகையின் முன்பகுதி பிடிப்பை இழந்து இன்னும் வேகமாக ஓடும். முழங்காலுக்குக் கீழே காலின் முன்பக்கம் காலணியின் முன்நாக்கை எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் கவனியுங்கள். நிற்கத் தெரிந்த பிறகு, எடையை ஒரு காலுக்கு மாற்றித் திரும்புவது தானாகவே வரும். வலக்காலை அழுத்தினால் உடல் இடப்பக்கம் திரும்பும்.

படி 7: கேபிள் கார்

குல்மார்க்கின் கேபிள் கார் இரண்டு கட்டங்களாக மேலேறுகிறது. கோங்டூரி வரையிலான முதல் கட்டம் 1998-லும், அபர்வத் மலைத்தோளில் ஏறத்தாழ 3,950 மீட்டர் வரை செல்லும் இரண்டாம் கட்டம் 2005-லும் திறக்கப்பட்டன. பயணச்சீட்டை இணையத்தில் முன்பதிவு செய்யுங்கள். காற்று பலமாக வீசினால் இரண்டாம் கட்டம் நின்றுவிடும் என்பதால் கடைசி நாளுக்கு அதைத் தள்ளிவைக்க வேண்டாம்.

பார்க்கப் போகலாம், பலகையுடன் போகாதீர்கள். அபர்வத்தின் சரிவுகளில் பெரும்பகுதி சமன் செய்யப்படாத, பனிச்சரிவு அபாயமுள்ள இடங்கள். 2023 பிப்ரவரியில் அங்கே போலந்தைச் சேர்ந்த இருவரும், 2024 பிப்ரவரியில் ரஷ்யாவைச் சேர்ந்த ஒருவரும் பனிச்சரிவில் சிக்கி உயிரிழந்தார்கள். ஐந்தாம் நாள் தைரியம் வந்துவிட்டது என்று யாராவது அழைத்தாலும் மறுத்துவிடுங்கள். மேலே தலைவலியோ குமட்டலோ தோன்றினால் உடனே கீழே இறங்குங்கள்.

படி 8: காப்பீடும் திரும்புதலும்

சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவற்றில் பனிச்சறுக்கு விலக்கப்பட்டிருக்கும். சாகச விளையாட்டுக்கான பிரிவு எழுத்தில் இருக்கிறதா என்று படித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். கருவிகளை வாடகைக்கு எடுத்த அன்றே அவற்றிலுள்ள கீறல்களைக் கடைக்காரர் முன்னிலையில் படம் எடுத்து வைத்தால், திருப்பிக் கொடுக்கும்போது வாக்குவாதம் வராது. விமானம் ஏறும் நாளுக்கு முந்தைய இரவே ஸ்ரீநகருக்கு இறங்கிவிடுங்கள். இரவில் பனி பெய்துவிட்டால், டங்மர்க் பாதை காலையில் எப்போது திறக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.