டிப்ஸ்டிக் தானாக மேலே எழும்புகிறதா? முதலில் என்ஜினின் மூச்சுக்குழாயைப் பாருங்கள்

ஊட்டியில் இருக்கும் என் மச்சானின் பெட்ரோல் காரில், என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஆயில் கசிந்தது. ஒர்க்‌ஷாப்பில் கியர்பாக்ஸை இறக்கி, கிராங்க் பின்பக்க ஆயில் சீலை மாற்றிக் கொடுத்தார்கள். இரண்டே மாதத்தில் அதே இடத்தில் அதே கசிவு. மறுபடி இறக்கினார்கள், மறுபடி புது சீல் போட்டார்கள், மறுபடி கசிந்தது. அப்போதுதான் வண்டி கோயம்புத்தூருக்கு என்னிடம் வந்தது. பானெட்டைத் தூக்கியதும் கண்ணில் பட்டது, ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக். குழாயில் முழுசாக உட்காராமல் ஒரு விரற்கடை மேலே நின்றது. அழுத்திவிட்டு ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் கொடுக்கச் சொன்னேன். மெல்ல மறுபடி எழும்பியது.

சீல் மேல் குற்றமே இல்லை. உள்ளே அடைபட்ட காற்று வெளியே வர வழி தேடிக்கொண்டிருந்தது. என்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும், கட்டைவிரல் அளவே இருக்கும் பிசிவி வால்வில் கசடு ஏறி அடைத்திருந்தது. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஆயில் கசிகிறது, ஆயில் குறைகிறது என்று யார் சொன்னாலும், என்ஜினைப் பிரிக்க ஒப்புக்கொள்ளும் முன் கீழே உள்ள சோதனைகளைச் செய்து பாருங்கள்.

என்ஜின் எப்படி மூச்சு விடுகிறது?

பிஸ்டன் ரிங் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், எரியும் வாயுவில் கொஞ்சம் ரிங்கைத் தாண்டிக் கீழே ஆயில் சேம்பருக்குள் இறங்கத்தான் செய்யும். அது அளவு மீறினால் மெக்கானிக்குகள் ‘பேக் கம்ப்ரஷன் அடிக்குது’ என்பார்கள். இந்த வாயுவில் எரியாத பெட்ரோல், அமிலத்தன்மை, நீராவி எல்லாம் இருக்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது என்பது பலருக்கும் தெரியாது. பெரும்பகுதி சைலன்சர் வழியே போய்விடும். ரிங் இடுக்கில் இறங்கும் சிறு பங்குதான் நமக்குப் பிரச்சினை.

பழைய கார்களில் இந்த வாயுவை ஒரு குழாய் வழியாக நேரே ரோட்டில் விட்டுவிடுவார்கள். புகைமூட்டத்தால் திணறிய கலிபோர்னியா, 1960களின் தொடக்கத்தில் அதைத் தடுத்து, வாயுவை மீண்டும் என்ஜினுக்கே கொடுத்து எரிக்க வைத்தது. இன்றைய பெட்ரோல் கார்கள் எல்லாவற்றிலும் அந்த ஏற்பாடுதான். ஏர் ஃபில்டர் பக்கத்திலிருந்து ஒரு ஹோஸ் சுத்தமான காற்றை என்ஜினின் மேல்மூடியான டேப்பெட் கவருக்குள் கொண்டுவரும். இன்னொரு ஹோஸ், பிசிவி வால்வு வழியாக, உள்ளே இருக்கும் வாயுவை, சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிபோல்டுக்கு இழுத்துக்கொள்ளும். ஆக்ஸிலேட்டர் கொடுக்காமல் ஸ்லோவில் ஓடும்போது மேனிபோல்டின் உறிஞ்சல் பலமாக இருப்பதால் வால்வு கொஞ்சமாகத் திறக்கும். ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போது அதிகமாகத் திறக்கும்.

இந்த வழியில் நீராவியும் ஆயிலும் கலந்து படிவதுதான் கசடு. கூலன்ட் சூட்டைக் காட்டும் முள் சில நிமிடத்தில் நடுவுக்கு வந்துவிடும், ஆனால் ஆயில் சூடாக இன்னும் வெகுநேரம் ஆகும். மச்சான் வீட்டிலிருந்து கடை மூன்று கிலோமீட்டர். மார்கழியில் புல்மேல் உறைபனி படியும் ஊரில், தினம் அந்த மூன்று கிலோமீட்டர் போய் நிறுத்தினால், உள்ளே சேர்ந்த தண்ணீர் ஆவியாகி வெளியேற நேரமே கிடைக்காது.

சோதிக்கும் முன்

ஹேண்ட்பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வையுங்கள். ஆட்டோமேடிக் என்றால் பார்க்கில். திறந்தவெளியில் செய்யுங்கள். துப்பட்டா, தொங்கும் சட்டைக் கை, அவிழ்ந்த முடி எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது. ரேடியேட்டர் ஃபேன் என்ஜினை நிறுத்திய பிறகும் திடீரென்று சுற்றும் என்பதை மறக்காதீர்கள். டிப்ஸ்டிக்கில் ஆயில் மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். அளவுக்கு மேல் ஊற்றிய ஆயிலும் இதே அறிகுறிகளைக் காட்டும்.

படி 1: ஆயில் கேப்பைத் திருப்பிப் பாருங்கள்

என்ஜின் ஆறியிருக்கும்போது, ஆயில் ஊற்றும் துளையை மூடும் கேப்பைக் கழற்றுங்கள். உள்பக்கம் வெண்ணெய் போல, பால் காபி நிறத்தில் பசை ஒட்டியிருந்தால் பதற வேண்டாம். கேப் என்ஜினில் குளிர்ச்சியான இடங்களில் ஒன்று, நீராவி அங்கே சீக்கிரம் தண்ணீராகும். ‘ஹெட் கேஸ்கட் போயிடுச்சு’, அதாவது கூலன்ட் ஆயிலில் கலக்கிறது என்று யாராவது சொன்னால் மூன்றைப் பாருங்கள். டிப்ஸ்டிக்கிலும் அதே பால் நிறம் இருக்கிறதா? கூலன்ட் அளவு குறைகிறதா? என்ஜின் நன்றாகச் சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை விடாமல் வருகிறதா? மூன்றுக்கும் இல்லை என்றால் அது பெரும்பாலும் ஈரம்தான். ஒன்றுக்கு ஆம் என்றாலும் வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கை வரச் சொல்லுங்கள். சூடான ரேடியேட்டர் மூடியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள்.

பிறகு கேப் துளைக்குள் டார்ச் அடியுங்கள். உலோகம் தேன் நிறத்தில் பளபளத்தால் கவலையில்லை. ஒரு ஐஸ் குச்சியால் மெல்ல வழித்துப் பாருங்கள். கறுப்பாக, அல்வா பதத்தில் திரண்டு வந்தால் அது முற்றிய கசடு. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

படி 2: கையுறை சோதனை

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. மருந்துக்கடையில் கிடைக்கும் மெல்லிய ரப்பர் கையுறை ஒன்று போதும். கேப்பைக் கழற்றி, கையுறையின் வாயைத் துளையின் மேல் இழுத்து மாட்டி, ரப்பர் பேண்டால் இறுக்குங்கள். ஸ்டார்ட் செய்து ஸ்லோவில் ஓடவிடுங்கள்.

நல்ல என்ஜினில் கையுறை துவண்டு, விரல்கள் மெல்ல உள்ளே இழுபடும். அடைப்பு இருந்தால் விரல்கள் ஒவ்வொன்றாக நிமிரும். மச்சானின் வண்டியில் அரை நிமிடத்தில் ஐந்து விரலும் விறைத்து நின்றன. சைகை காட்டுவது போல இருந்த அந்தக் கையைப் பார்த்த பிறகு அவர் சீலைப் பற்றிப் பேசவே இல்லை.

கையுறை வேகமாக உள்ளே போனால் உடனே என்ஜினை நிறுத்திவிட்டு எடுத்துவிடுங்கள். அது எதிர்ப்பக்கக் கோளாறு. வால்வு திறந்தபடியே சிக்கியிருக்கலாம், அல்லது டேப்பெட் கவருக்குள்ளேயே வால்வு வைத்த கார்களில் அதன் ரப்பர் டயஃப்ரம் கிழிந்திருக்கலாம். அப்போது கேப்பைத் திறக்கவே பலம் வேண்டியிருக்கும், விசில் போலச் சத்தம் வரும், ஸ்லோ ஏறி இறங்கும். கோளாறுக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனரில் பி0171 என்று, அதாவது பெட்ரோலுக்குத் தேவையானதை விடக் காற்று அதிகம் என்று காட்டலாம்.

கையுறை இரண்டுங்கெட்டானாக இருந்தால், கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் டியூபை எடுத்துக்கொள்ளுங்கள். யூ வடிவில் தொங்கவிட்டு, இரு பக்கமும் ஒரு சாண் உயரம் நிற்குமளவு மட்டும் தண்ணீர் விடுங்கள். வளைவுக்கு மேல் டியூப் தாராளமாக நீண்டிருக்க வேண்டும். என்ஜின் ஓடும்போது ஒரு முனையை டிப்ஸ்டிக் குழாயில் இறுக்கமாகப் பொருத்துங்கள். என்ஜின் பக்கத்துத் தண்ணீர் கொஞ்சம் ஏறினால் உள்ளே உறிஞ்சல் இருக்கிறது, நல்லது. வெளிப்பக்கம் ஏறினால் உள்ளே அழுத்தம். என்ஜின் பக்கம் மளமளவென்று ஏறினால் உடனே பிடுங்கிவிடுங்கள், தண்ணீர் உள்ளே போய்விடக் கூடாது.

படி 3: வால்வைக் கழற்றுங்கள்

வால்வு எங்கே இருக்கிறது என்று உங்கள் காரின் கையேட்டில் பாருங்கள். பல கார்களில் டேப்பெட் கவரில் ஒரு ரப்பர் வளையத்துக்குள் செருகியிருக்கும். ரப்பர் வெயிலிலும் சூட்டிலும் காய்ந்து அப்பளம் போல நொறுங்கும். துண்டு உள்ளே விழாதபடி சுற்றிலும் துணி வைத்து, திருகித் திருகி எடுங்கள்.

ஹோஸைக் கழற்றாமல், என்ஜினை ஓடவிட்டு, வால்வின் திறந்த முனையில் விரலை வையுங்கள். விரல் பலமாக இழுபட வேண்டும். இழுக்கவில்லை என்றால் வால்வை ஹோஸிலிருந்து கழற்றி, ஹோஸ் முனையிலேயே விரல் வைத்துப் பாருங்கள். அங்கே இழுத்தால் அடைப்பு வால்வில். அங்கேயும் இல்லை என்றால் ஹோஸிலோ, மேனிபோல்டுத் துளையிலோ.

வால்வைக் காதருகே குலுக்கினால் ‘டக் டக்’ என்று கேட்க வேண்டும். ஆனால் சத்தம் வருகிறது என்பதற்காக நல்ல வால்வு என்று முடிவுகட்டாதீர்கள், ஸ்பிரிங் தளர்ந்த வால்வும் சத்தம் போடும். சுத்தமான டியூபைச் சொருகி, டேப்பெட் கவர் பக்கத்திலிருந்து ஊதுங்கள். காற்று எளிதாகப் போக வேண்டும். மேனிபோல்டு பக்கத்திலிருந்து ஊதினால் போகக் கூடாது, போனாலும் சிரமப்பட்டே போக வேண்டும். ஊத மட்டும் செய்யுங்கள், உறிஞ்சாதீர்கள், உள்ளே இருப்பது விஷம்.

படி 4: ஹோஸ்கள்

அவசரப்படுபவர்கள் இங்கேதான் ஏமாறுவார்கள். புது வால்வு போட்டும் சரியாகவில்லை என்றால் பெரும்பாலும் ஹோஸின் வளைவில் கசடு உட்கார்ந்திருக்கும். இரு ஹோஸையும் கழற்றி, அமுக்கிப் பார்த்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பாருங்கள். சுடுதண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவி முழுசாக உலர்த்துங்கள். பெட்ரோலில் ஊறவைத்தால் ரப்பர் உப்பிக் கெட்டுவிடும். விறைத்துப் போன ஹோஸைப் புதிதாகவே மாற்றுங்கள். வால்வையும் கழுவி மிச்சம் பிடிக்க வேண்டாம்.

ஏர் ஃபில்டர் பெட்டியையும் திறந்து பாருங்கள். அங்கே ஆயில் நனைந்திருந்தால், சுத்தக் காற்று வர வேண்டிய ஹோஸில் வாயு எதிர்த்துப் போயிருக்கிறது என்று அர்த்தம்.

படி 5: மறுபடி கையுறை

எல்லாவற்றையும் மாட்டி, படி 2ஐத் திரும்பச் செய்யுங்கள். கையுறை துவண்டால் முடிந்தது வேலை. புது வால்வும் சுத்தமான ஹோஸும் இருந்தும் விரல்கள் நிமிர்ந்தால், ரிங் தேய்ந்து வாயு அளவு மீறி இறங்குகிறது. சிலிண்டரின் அழுத்தத்தையும் கசிவையும் அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்டும் லீக் டவுன் டெஸ்டும் எடுக்கச் சொல்லுங்கள். டெஸ்ட் காட்டும் அளவுகளைப் பார்க்காமல், சிலிண்டரைக் கடையும் ‘போர்’ வேலைக்குச் சம்மதிக்காதீர்கள்.

கறுப்புக் கசடு இருந்தால்

ஐஸ் குச்சியில் அல்வா வந்தவர்கள், கடையில் விற்கும் என்ஜின் ஃப்ளஷ் டப்பாவை ஊற்றிவிடாதீர்கள் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். திரண்ட கசடு கட்டிகட்டியாகப் பெயர்ந்து, சேம்பர் அடியில் ஆயிலை வடிகட்டும் ஸ்ட்ரெய்னரை அடைக்கும். ஆயில் மேலே ஏறாது, பேரிங் பிடித்துக்கொள்ளும். 1999 முதல் 2003 வரை வந்த, ஸ்வீடனின் சாப் 9-5 டர்போ கார்கள் இதற்குப் பேர்போனவை. அவற்றில் கசடு ஸ்ட்ரெய்னரை அடைத்துப் பல என்ஜின்கள் வீணாயின. நிறுவனமே மேம்படுத்திய பிசிவி குழாய்களைக் கொண்டுவந்தது. அந்தக் கார் வைத்திருப்பவர்கள் இன்றும் பழைய வண்டியை வாங்கியவுடன் முதலில் சேம்பரைக் கழற்றி ஸ்ட்ரெய்னரைத்தான் பார்க்கிறார்கள். நீங்களும் அதையே செய்யச் சொல்லுங்கள். பிறகு கையேட்டில் சொன்ன கிரேடு ஆயிலை ஊற்றி, இரண்டு மூன்று முறை சீக்கிரம் சீக்கிரமாக மாற்றுங்கள். மிச்சமிருப்பது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வரும்.

மச்சானின் வண்டியில் அந்த அளவுக்குப் போகவில்லை. வால்வு, அதன் ரப்பர் வளையம், ஒரு ஹோஸ், ஆயில் மாற்றம், அவ்வளவுதான். இரண்டாவதாகப் போட்ட சீலைத் தொடவே இல்லை, கசிவு நின்றுவிட்டது. இப்போது வாரம் ஒருமுறை கோத்தகிரி வழியாக மேட்டுப்பாளையம் இறங்கி, மலையேறித் திரும்புகிறார். வந்து நிறுத்தியதும் டிப்ஸ்டிக் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து, கேப்பின் உள்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்புகிறார். போன வாரப் படத்தில் பசை இல்லை.