பத்துக்குப் பத்து ரூமுக்கு எந்த ஸ்பீக்கர்?
கோவை, ஈரோடு பக்கம் பாட்டுக் கேட்கவென்று வீட்டில் ஒதுங்குவது பெரும்பாலும் பத்துக்குப் பத்து ரூம்தான். அதற்கு 8 இன்ச் ஊஃபர் (பேஸ் எனும் கனத்த ஒலி தரும் கூம்பு) உள்ள, தரையில் நிற்கும் டவர் ஸ்பீக்கர் வேண்டாம். 5 இன்ச் ஊஃபருள்ள புக்‌ஷெல்ஃப் எனும் சிறிய பெட்டி ஜோடி தாராளம். நீளம் அகலம் இரண்டும் 10 அடி என்றால், எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலி மோதி எழும் அதிர்வு, நீளவாக்கிலும் அகலவாக்கிலும் ஒரே 56 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 56 அதிர்வு) வந்து சேரும். பேஸ் கிட்டாரின் ஏ தந்தி 55 ஹெர்ட்ஸ். அந்த ஒரு சுரம் மட்டும் 'கும்'மென்று ரூமையே நிறைத்துவிடும்.

அதனால் துளையில்லாத சீல்டு பெட்டி உத்தமம். பின்பக்கம் காற்றுத் துளையுள்ள மாடலென்றால் சுவரிலிருந்து ஒன்றரை அடியாவது தள்ளி வையுங்கள். இடமில்லையா? பழைய சாக்ஸைச் சுருட்டித் துளையில் செருகுங்கள். சிரிக்காதீர்கள், கும்மல் நன்றாகவே அடங்கும். கீச்சொலி தரும் சிறு ஸ்பீக்கரான ட்வீட்டர், உட்கார்ந்தால் காது வரும் உயரத்தில் இருக்கட்டும். பவானி ஜமக்காளம் விரித்தால் டைல்ஸ் எதிரொலி குறையும், பேஸ் குறையாது.