பந்து விட்ட உயரத்துக்கு ஏன் திரும்பி வருவதில்லை? வீட்டிலேயே அளந்து பார்க்கலாம், வாங்க

உந்தமும் ஆற்றலும் பிள்ளைகளுக்குக் குழம்பிப் போக ஒரே காரணம்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். இரண்டையும் அடுத்தடுத்த பக்கத்தில் சூத்திரமாகவே சொல்லிக் கொடுத்துவிடுகிறோம். ஒரு பந்தையும் அளவு நாடாவையும் கையில் கொடுத்துவிட்டால், இரண்டும் வேறு வேறு சங்கதி என்பது அரை மணி நேரத்தில் பிடிபட்டுவிடும். சூத்திரம் அப்புறம் வரட்டும்.

என்னென்ன வேண்டும்

ஒரு டென்னிஸ் பந்து, ஒரு கால்பந்து, கேரம் போர்டு, அளவு நாடா, ஸ்லோ மோஷனில் படம் பிடிக்கும் போன். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பர் தோட்டம் உள்ள குலசேகரம், அருமனை, கடையாலுமூடு பக்கம் இருப்பவர்கள் ஒட்டுப்பால் பந்து ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரப்பர் மரத்தில் பால் வெட்டிய சாலிலும் சிரட்டையிலும் மிச்சம் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்குமே, அதை நாடா நாடாவாக உரித்து, இழுத்துப் பிடித்துச் சுற்றிக்கொண்டே போனால் பந்து தயார். இழுவை தளராமல் சுற்றுவதில்தான் விஷயம் இருக்கிறது. இறுக்கமாகச் சுற்றிய பந்து கடைப் பந்துகள் பலவற்றைவிட நன்றாகத் துள்ளும். ஒட்டுப்பாலுக்கும் விலை உண்டு, அதனால் தோட்டக்காரரிடம் கேட்டுவிட்டு எடுங்கள்.

முதல் படி: விட்டுப் பார்ப்பது

சுவரில் தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் ஒரு கோடு போடுங்கள். பந்தின் அடிப்பாகம் அந்தக் கோட்டில் இருக்கும்படி பிடித்து, தள்ளாமல், சுழற்றாமல் விரலை மட்டும் விலக்குங்கள். திரும்பி எழும்பும்போதும் அடிப்பாகத்தையே அளக்க வேண்டும். விடும்போது அடிப்பாகத்தையும் எழும்பும்போது உச்சியையும் பார்த்தால் பந்தின் விட்டம் முழுவதும் கணக்கில் கூடிவிடும். போனைத் தரையில் வைக்காமல், பந்து எழும்பும் என்று தோன்றும் உயரத்துக்கு நேராக வைத்துப் படம் பிடியுங்கள். ஆனி, ஆடிக் காற்றில் முப்பந்தல், ஆரல்வாய்மொழி பக்கத்து மொட்டை மாடியில் இதைச் செய்ய முடியாது, வீட்டுக்குள் சிமெண்ட் தரையோ டைல்ஸ் தரையோ போதும்.

டென்னிஸ் பந்துக்கு என்ன வர வேண்டும் என்பதற்கு ஒரு அளவுகோல் இருக்கிறது. சர்வதேச விதிப்படி, வழக்கமான பந்தை 254 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து கான்கிரீட் தரையில் விட்டால் 135 முதல் 147 சென்டிமீட்டர் வரை எழும்ப வேண்டும். நம் 1 மீட்டருக்கு அது ஏறத்தாழ 53 முதல் 58 சென்டிமீட்டர். மிகவும் குறைந்தால் பந்து பழசாகி உள்ளே காற்றழுத்தம் இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

இரண்டாம் படி: ஆற்றல் கணக்கு

உயரத்தில் இருக்கும் பந்தின் நிலை ஆற்றல் என்பது நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கினால் வருவது. முதல் இரண்டும் மாறவில்லை. ஆகவே உயரங்களின் விகிதமே ஆற்றலின் விகிதம். 100-ல் விட்டு 55 எழும்பினால் 55 சதவீதம் திரும்பியது, 45 சதவீதம் போயிற்று. அது எங்கேயும் அழியவில்லை. பந்து நசுங்கி விரியும்போது ரப்பருக்குள் உராய்ந்து சூடாகிறது, கொஞ்சம் தரையின் அதிர்வாகவும் ‘டப்’ என்ற சத்தமாகவும் போகிறது.

வேகத்தின் விகிதம் வேண்டுமென்றால் இதற்கு வர்க்கமூலம் எடுங்கள். 0.55-க்கு ஏறத்தாழ 0.74. அதாவது தரையைத் தொட்ட வேகத்தில் 74 சதவீதத்தோடு பந்து கிளம்புகிறது. நியூட்டன் நூலில் தொங்கவிட்ட உருண்டைகளை மோதவிட்டு இதே விகிதத்தைத்தான் அளந்தார். 1687-ல் அவர் எழுதியபடி கண்ணாடிக்கு 16-க்கு 15, கம்பளி உருண்டைக்கு 9-க்கு 5. கண்ணாடி ரப்பரைப் போல நசுங்குவது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் நசுங்கிய கொஞ்சத்தையும் ஏறக்குறைய முழுதாகத் திருப்பித் தந்துவிடுகிறது. துள்ளலைத் தீர்மானிப்பது எவ்வளவு மென்மை என்பதல்ல, வாங்கியதில் எவ்வளவு திரும்பத் தருகிறது என்பதுதான்.

மூன்றாம் படி: உந்தக் கணக்கு, இங்கேதான் எல்லோரும் வழுக்குவது

உந்தம் என்பது நிறை பெருக்கல் திசைவேகம். திசை முக்கியம். 1 மீட்டர் விழுந்த பந்து தரையைத் தொடும்போது விநாடிக்கு 4.42 மீட்டர் வேகத்தில் இருக்கும் (நம் மாவட்டம் நிலநடுக்கோட்டுக்கு அருகில், 8 பாகையில் இருப்பதால் புவியீர்ப்பு முடுக்கம் 9.78, பாடப்புத்தகத்தின் 9.8 போட்டாலும் பாதகமில்லை). பந்தின் நிறை 58 கிராம் என்று வைத்துக்கொள்வோம். நிறையைக் கிலோவில் போட்டால் கீழ்நோக்கிய உந்தம் 0.256. எழும்பும் வேகம் 3.28, மேல்நோக்கிய உந்தம் 0.190.

சரி, மாற்றம் எவ்வளவு? பலரும் கழித்து 0.066 என்று எழுதிவிடுகிறார்கள். திசை தலைகீழாகிவிட்டதே! கீழே போய்க்கொண்டிருந்த 0.256-ஐ முதலில் நிறுத்தி, அதன்மேல் 0.190-ஐ மேல்நோக்கிக் கொடுத்தாக வேண்டும். கூட்ட வேண்டும், 0.446. டென்னிஸ் பந்து தரையைத் தொட்டுக்கொண்டிருப்பது ஏறத்தாழ 5 மில்லி விநாடி. வகுத்தால் சராசரி விசை 89 நியூட்டன், அதாவது 9 கிலோ எடையைத் தூக்கி வைத்ததற்குச் சமம். 58 கிராம் பந்துக்கு! அதனால்தான் அந்த நேரத்தில் பந்து அப்படி நசுங்குகிறது, ஸ்லோ மோஷனில் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்.

அப்படியானால் உந்தம் அழியாது என்ற விதி என்னவாயிற்று? அந்த 0.446 முழுவதும் பூமிக்குப் போயிற்று. பூமியின் நிறை ஏறத்தாழ 6-க்குப் பின்னால் 24 சுழியம் போட்ட கிலோ, அதனால் அதற்குக் கிடைக்கும் வேகத்தை எந்தக் கருவியாலும் அளக்க முடியாது. இதில் எனக்கு ரொம்பவும் பிடித்த இடம் அடுத்தது. இயக்க ஆற்றல் என்பது உந்தத்தின் வர்க்கத்தை நிறையின் இரண்டு மடங்கால் வகுத்தால் வருவது. கீழே பூமியின் நிறையைப் போட்டால் விடை சுழியம் என்றே சொல்லலாம். ஒரே மோதலில் பூமி உந்தத்தை முழுதாக வாங்கிக்கொள்கிறது, ஆற்றலை மட்டும் தொடவே இல்லை. இரண்டும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

நான்காம் படி: கேரம் போர்டு

கோலிக்குண்டிலும் செய்யலாம். ஆனால் உருளும் குண்டுக்குச் சுழற்சியும் உண்டு, மோதிய பிறகும் அது கொஞ்சம் பின்தொடர்ந்து ஓடி ஆரம்பத்திலேயே குழப்பும். கேரம் காய் வழுக்கிக்கொண்டு போவது, அதனால் அதுவே நல்லது.

பவுடர் போட்டு, காயைக் காயால் நேர் நடுவில் அடியுங்கள். அடித்த காய் நின்றுவிடும், அடிபட்டது போகும். இனி ஸ்ட்ரைக்கரால் அடியுங்கள். ஸ்ட்ரைக்கர் 15 கிராம், காய் 5 கிராம் என்று கொள்வோம். மோதலில் ஆற்றல் கொஞ்சமும் வீணாகாமல் இருந்தால் (இதுதான் முழு மீட்சி மோதல்) ஸ்ட்ரைக்கர் பாதி வேகத்தில் தொடரும், காய் ஒன்றரை மடங்கு வேகத்தில் பறக்கும். நோட்டில் இரண்டு பத்தி போட்டுச் சரிபாருங்கள். அடிக்கும் வேகத்தை 1 என்று வைத்தால், உந்தம்: முன்பு 15, பின்பு 7.5 + 7.5. ஆற்றலுக்கு நிறை பெருக்கல் வேகத்தின் வர்க்கம் (பாதி போடுவதை விட்டுவிடலாம், எல்லாவற்றிலும் பொது): முன்பு 15, பின்பு 3.75 + 11.25. இரண்டும் பொருந்துகிறது. நிஜத்தில் காய் சற்று மெதுவாகவே போகும்.

அடுத்து ஒரு காயின் ஓரத்தில் இருபக்கமும் ஒட்டும் டேப்பைச் சுற்றி, இன்னொரு காயால் அடியுங்கள். ஒட்டிக்கொண்டு இரண்டும் சேர்ந்து பாதி வேகத்தில் நகரும். உந்தம் 5, பிறகும் 10 × 0.5 = 5. ஆற்றல் 5, பிறகு 2.5 மட்டுமே. முதல் பத்தி அப்படியே நிற்கிறது, இரண்டாவதில் பாதி காணோம். சூடாகிவிட்டது.

ஐந்தாம் படி: பந்துமேல் பந்து

கால்பந்தின் உச்சியில் டென்னிஸ் பந்தை வைத்து, இரண்டையும் சேர்த்து 1 மீட்டரிலிருந்து விடுங்கள். வெளியில் செய்யுங்கள். கால்பந்து முதலில் தரையில் பட்டு மேலே திரும்பும், அப்போதும் டென்னிஸ் பந்து கீழே வந்துகொண்டிருக்கும், இரண்டும் எதிரெதிரே மோதும். இழப்பே இல்லை, கீழ்ப்பந்து மிகக் கனமானது என்றால் மேல்பந்து மூன்று மடங்கு வேகத்தில் கிளம்பி ஒன்பது மடங்கு உயரம் போக வேண்டும். கால்பந்து 430 கிராம், தரையில் அதன் வேக விகிதம் 0.8, பந்துகளுக்கிடையே 0.75 என்று போட்டால் விடை ஏறத்தாழ 3 மீட்டர். தனியாக விட்டபோது 55 சென்டிமீட்டர்தான் எழும்பிய அதே பந்து! கூடுதல் ஆற்றல் கால்பந்திடமிருந்து வந்தது, அது மோதியபின் எவ்வளவு சோர்ந்து போகிறது என்பதையும் படத்தில் கவனியுங்கள்.

பந்து பக்கவாட்டில் தெறித்தால் மையம் விலகியிருக்கிறது. பழைய சார்ட் பேப்பரைக் குழலாகச் சுருட்டி, கால்பந்தின் உச்சியில் டேப்பால் ஒட்டி, அதற்குள் டென்னிஸ் பந்தை வையுங்கள். குழல் சற்றுத் தளர்வாகவே இருக்கட்டும், இறுகினால் பந்து உள்ளேயே உரசி நின்றுவிடும்.