நான்கு வருமானம், ஒரே வாசல்: தனியாக இணையத் தொழில் செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இணையத்தில் தனியாகத் தொழில் தொடங்கும் இளைஞர்கள் அடிக்கடி என்னிடம் யோசனை கேட்டு வருகிறார்கள். விடாமல் உழைக்க வேண்டும், நல்ல மைக் வாங்க வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன். முன்பு நாங்கள் இடறிய அதே இடங்களில் இவர்களும் இடறுவதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

பணம் தருபவர்களை மட்டும் எண்ணுவது

வீடியோ விளம்பரப் பணம், அஃபிலியேட் கமிஷன் (நாம் தரும் இணைப்பு வழியே யாராவது பொருள் வாங்கினால் கடை தரும் பங்கு), ஸ்பான்சர் தொகை, சொந்த ஆன்லைன் வகுப்பு. நான்கு வருமானம் என்று தாளில் எழுதிக் காட்டுவார்கள். பணம் நான்கு இடத்திலிருந்து வருவது உண்மைதான். ஆனால் வாங்குகிறவர் உங்களிடம் எப்படி வந்து சேர்ந்தார் என்று கேட்டால் நான்குக்கும் ஒரே பதில்: அந்த வீடியோ சேனல். வாசல் ஒன்றுதான். அது அடைபட்டால் நான்கும் அன்றே நின்றுவிடும். ‘ஏழு வருமான வழிகள்’ என்று கட்டணம் வாங்கி வகுப்பெடுப்பவர்கள் இதைச் சொல்வதே இல்லை. அதுதான் எனக்கு இன்றும் ஆத்திரத்தைக் கிளப்புகிறது.

ஈரோட்டு நண்பர் ஒருவர் டேலி என்ற கணக்கு மென்பொருளையும் ஜிஎஸ்டி கணக்கையும் தமிழில் சொல்லிக்கொடுக்கிறார். ஸ்பான்சர் என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. தொகை பேசி முடிந்ததும், ஒப்பந்தம் என்ற பெயரில் கடவுச்சொல் போட்ட ஜிப் கோப்பு ஒன்றை அனுப்பினார்கள். திறந்தார். அன்றிரவே சேனலின் பெயர் மாறி, அதில் கிரிப்டோ மோசடி நேரலை ஓடியது. விடிவதற்குள் சேனல் நீக்கப்பட்டிருந்தது.

“இரண்டடுக்குச் சரிபார்ப்பு வைத்திருந்தேனே அண்ணா” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். இந்தத் திருட்டை அது தடுக்காது. கோப்புக்குள் இருக்கும் நிரல், நீங்கள் ஏற்கெனவே உள்நுழைந்திருக்கும் உலாவியின் குக்கீயை, அதாவது உள்நுழைந்தவர் நீங்கள்தான் என்று தளத்துக்குக் காட்டும் சிறு பதிவை, திருடுகிறது. அது கையில் இருப்பவருக்குக் கடவுச்சொல்லும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். ஜிப் கோப்பைப் பூட்டி அனுப்புவதே வைரஸ் தடுப்பு மென்பொருள் உள்ளே பார்த்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். கூகுளின் பாதுகாப்பு ஆய்வுக் குழு 2021 அக்டோபரிலேயே இந்த முறையை விளக்கி எச்சரித்திருக்கிறது. முன்பின் தெரியாதவர் அனுப்பும் கோப்புகளை, சேனல் கணக்கு திறந்திருக்கும் கணினியில் தொடவே கூடாது.

சில வாரங்களில் சேனல் திரும்பக் கிடைத்தது. அதற்குள் விளம்பரப் பணம் நின்றது. வீடியோக்களின் கீழிருந்த அஃபிலியேட் இணைப்புகள் மறைந்தன. உண்மையான ஸ்பான்சர் ஒருவரும் விலகிக்கொண்டார். இவற்றையெல்லாம்விட என் மனம் ஆறாதது வேறொன்று. பணம் கட்டிப் படித்த மாணவர்களின் மின்னஞ்சலையோ எண்ணையோ அவர் எங்கும் சேர்த்து வைத்திருக்கவில்லை. அடுத்த வகுப்பை யாரிடம் அறிவிப்பது? அவரை நம்பிப் பணம் கட்டியவர்கள் எல்லோரும் ஊரில்தான் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிட வழியில்லை.

திருடன் வராவிட்டாலும் வாசல் அடைபடும். 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளைத் தடை செய்தது. அங்கே பெரும் கூட்டத்தைச் சேர்த்து வைத்திருந்தவர்கள் வேறு தளங்களுக்குப் போய் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. பின்தொடர்வோரை மூட்டை கட்டி எடுத்துச் செல்ல அங்கே வழி இருக்கவில்லை.

ஆகவே ஒவ்வொரு வருமானத்துக்கும் நேராக, வாடிக்கையாளர் உங்களை எப்படிக் கண்டுபிடித்தார் என்று எழுதுங்கள். எல்லா வரியிலும் ஒரே பெயர் வந்தால் உங்களுக்கு இருப்பது ஒரு வருமானம்தான். பயனுள்ள பயிற்சித் தாள் ஒன்றை இலவசமாகக் கொடுத்து, சம்மதத்தோடு மின்னஞ்சல் முகவரி வாங்குங்கள். அந்தப் பட்டியலை மாதந்தோறும் இறக்கி வேறிடத்தில் வையுங்கள். சேனலுக்குச் சம்பந்தமில்லாத உள்ளூர் வாடிக்கையாளர்களை, சேனல் எவ்வளவு வளர்ந்தாலும் விட்டுவிடாதீர்கள். நேரத்தைத் தின்கிறது என்று எல்லோரும் முதலில் கைவிடுவது அவர்களைத்தான். நண்பர் வீட்டில் அந்த வாரங்களில் அடுப்பு எரிந்தது, ஒரு ஜவுளிக் கடைக்கு மாதக் கணக்கு எழுதிய பணத்தில்.

எல்லாவற்றையும் ஒன்றாகத் தொடங்குவது

முதல் வருமானம் வீட்டு வாடகையைக் கட்டும்வரை இரண்டாவதைத் தொடாதீர்கள்.

கமிஷனை நம்பிக் கடன் வாங்குவது

2020 ஏப்ரலில் அமேசான், அமெரிக்காவில் அறைகலன்களுக்கான அஃபிலியேட் கமிஷனை 8 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைத்தது. விகிதத்தை முடிவு செய்வது அவர்கள். மாதத் தவணை கட்டுவது நீங்கள்.

முன்பணம் இல்லாத ஸ்பான்சர் வீடியோ

பாதித் தொகையாவது கைக்கு வந்தபின் கேமராவை எடுங்கள்.

வந்ததெல்லாம் நம்முடையது என்று நினைப்பது

யூடியூப் வருமானம் பெறுகிறவர் அமெரிக்க வரி விவரங்களைக் கொடுக்காவிட்டால் மொத்த வருமானத்திலிருந்தும் 24 சதவீதம் வரை பிடிக்கப்படலாம். கொடுத்து, இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தம் தரும் சலுகையைக் கோரினால், அமெரிக்கப் பார்வையாளர்களால் வந்த பங்கில் மட்டும் 15 சதவீதம். பார்ப்பவர்கள் பெரும்பாலும் சென்னையிலும் மதுரையிலும் இருந்தால் எவ்வளவு மிஞ்சும் என்று நீங்களே கணக்குப் போடலாம்.

இங்கே கட்ட வேண்டிய வருமான வரி ஆண்டுக்கு 10,000 ரூபாயை எட்டினால் முன்கூட்டியே தவணையாகச் செலுத்த வேண்டும்: ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15. தவறினால் வட்டி சேரும். சம்பளக்காரருக்கு அலுவலகமே பிடித்துக் கட்டிவிடும்; உங்களுக்கு அப்படி யாரும் இல்லை. எந்தத் தொகை வந்தாலும் அதில் ஒரு பங்கை அன்றே தனிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். அந்தக் கணக்குக்கு ஏடிஎம் கார்டு வாங்காதீர்கள்.