நாயனக் காதுக்கு ஸ்காட்லாந்து இசை: எதிலிருந்து தொடங்குவது

ஸ்காட்லாந்தின் நாட்டுப்புற இசை கேட்க வேண்டும் என்று யாராவது சொன்னால், எல்லோரும் உடனே ஒரு பேண்டின் பெயரை எடுத்து நீட்டுகிறார்கள். காரைக்குடிப் பக்கம் கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் நாயனம் வாசிக்கிறவன் நான். என் யோசனை வேறு. பேண்டைக் கடைசியில் வையுங்கள், ஒற்றை பேக்பைப்பில் தொடங்குங்கள். விடாமல் சுருதி பிடிக்கிற ஒத்து நாயனத்தைக் கேட்டு வளர்ந்த காதுக்கு அது ஒன்றுவிட்ட பங்காளி வீடு மாதிரி.

கருவியைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் போதும். ஹைலண்ட் பைப் என்கிற ஸ்காட்லாந்து பேக்பைப்பில் தோளில் சாய்ந்து நிற்கிற மூன்று குழல்களும் சுருதிக்காக மட்டுமே: டெனர் இரண்டு, ஒரு ஸ்தாயி கீழே பேஸ் ஒன்று. விரல் வைத்து வாசிக்கிற குழலுக்குச் சான்டர் என்று பெயர். நம் சீவாளியைப் போலவே அதற்குள்ளும் இரட்டை இதழ். மொத்தம் ஒன்பதே சுரம். சுருதிக் குழல்கள் பிடித்திருப்பதை சட்ஜமாக வைத்தால், கீழே ஒரு கைசிகி நிஷாதம், மேலே மேல் சட்ஜம் வரை அப்படியே ஹரிகாம்போதி ராகம். சுருதி ஆறரைக் கட்டைக்குச் சற்று மேலே நிற்கும்.

போன் ஸ்பீக்கரில் மட்டும் கேட்க வேண்டாம். பேஸ் குழல் காணாமல் போய், மிச்சம் இருப்பது கீச்சுக் கீச்சுதான். நல்ல இயர்போன் போடுங்கள். பழைய வீடு இருக்கிறவர்கள் இன்னொன்று செய்யலாம்: பெரிய ஸ்பீக்கரை முகப்பில் வைத்து, கதவுகளை எல்லாம் திறந்துவிட்டு, இரண்டாங்கட்டில் போய் உட்காருங்கள். நாயனத்தைப் போல அதுவும் வெட்டவெளி வாத்தியம். தூரம் இருந்தால்தான் அழகு.

அடுத்து விரலைக் கவனியுங்கள். பையிலிருந்து காற்று நிற்காமல் வருவதால் சத்தத்தை நிறுத்தவும் முடியாது, கூட்டிக் குறைக்கவும் முடியாது. நாம் நாக்கால் துத்துக்காரம் போட்டு சுரத்தைப் பிரிக்கிறோம். அவர்கள் ஒரே சுரத்தை இரண்டு தடவை வாசிக்க வேண்டும் என்றால்கூட, நடுவில் கண்மூடித் திறப்பதற்குள் வேறொரு சுரத்தைத் தொட்டுவிட்டு வர வேண்டும். வீடியோவின் வேகத்தைப் பாதியாக்கிப் பார்த்தால் அந்தப் பொடிச் சுரங்கள் தெரியும். வாசிப்பவரின் தரம் அங்கேதான் இருக்கிறது.

இது பிடிபட்டதும் நேரே பீப்ரோக்குக்குப் போங்கள்; ஒற்றை பைப்பில் நிதானமாக விரித்து வாசிக்கிற பெரிய உருப்படி அது. புதியவர்களுக்கு இது கனம் என்று சொல்வார்கள். ராகத்துக்கு உட்கார்ந்து பழகிய நமக்கு என்ன கனம்? ஊர்லார் என்கிற மூல வடிவத்தை நிதானமாக வாசித்து, படிப்படியாக விரல் வேலையைக் கூட்டி, டூர்லுவா, க்ரூன்லுவா என்று ஏறி, கடைசியில் மறுபடி ஊர்லாருக்கே வந்து முடிப்பார்கள். பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். கையில் தாளம் நிற்காது, ஆனால் மனோதர்மமும் கிடையாது. ஒவ்வொரு சுரமும் முன்பே கட்டியது. ஸ்கை தீவின் மக்ரிம்மன் குடும்பம் மக்ளவுட் குலத் தலைவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாக வாசித்த சங்கதி இது. நம் சொற்கட்டு மாதிரி, ‘ஹிஹாரின்’ போன்ற அசைகளை வாயால் பாடித்தான் பாடம் சொன்னார்கள். திருப்பூட்டு முடிந்து அடுத்த சடங்கு வரைக்கும் வளவில் சும்மா இருக்கிற நேரத்தில் எங்கள் தவில்காரத் தம்பிக்கு ஒன்று போட்டுக் காட்டினேன். “யாராச்சும் செத்துப் போயிட்டாங்களாண்ணே?” என்றான். சரியாகத்தான் பிடித்தான். ஒப்பாரி உருப்படிகள் அதில் நிறைய.

அப்புறம் ஆட்ட மெட்டுகள். இவற்றுக்கு பிடில் நல்லது; ஷெட்லாந்துக்காரர் அலி பெய்னை எடுத்துக்கொள்ளுங்கள். கால் இரண்டு தட்டுத் தட்டும்போது கை ஓர் அட்சரம் போடட்டும். ஒரு தட்டுக்குள் நான்கு சுரம் ஓடினால் ரீல், மூன்று ஓடினால் ஜிக். சதுஸ்ரம், திஸ்ரம், அவ்வளவுதான். இப்படிப் போட்டால் பெரும்பாலான மெட்டுகளில் ஒரு பகுதி ஓர் ஆதி தாள ஆவர்த்தனத்தில் முடியும். முதல் பகுதி இரண்டு தடவை, இரண்டாவது பகுதி இரண்டு தடவை; ஆக நான்கு ஆவர்த்தனம் ஒரு சுற்று. ஸ்ட்ராத்ஸ்பே என்பது தனி நடை. ரீலைவிட நிதானம், குறில் முன்னால் வெட்டி விழும், நெடில் பின்னால் நீளும். முதல் எழுத்தை அழுத்தி ‘நிலா, நிலா’ என்று சொல்லிப் பாருங்கள், வந்துவிடும். இந்த நடைக்குப் பேர்போனவர்கள் நீல் கௌவும் (1727–1807) ஸ்காட் ஸ்கின்னரும் (1843–1927). ஸ்கின்னரின் வாசிப்பு பழைய ஒலிப்பதிவுகளில் இருக்கிறது.

பாட்டுக்கு ஜீனி ராபர்ட்சன். அபர்டீனில் இருந்த இந்த அம்மாவை நாட்டுப்புறப் பாட்டுகளைச் சேகரித்த ஹாமிஷ் ஹெண்டர்சன் 1953-ல் தேடிக் கண்டுபிடித்தார். பக்கவாத்தியம் எதுவும் இல்லாமல் நீண்ட கதைப்பாட்டைப் பாடுவார். ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கில் என்றால், ஈரக் கம்பளித் துணியை மேசையில் அடித்துக்கொண்டே பெண்கள் பாடும் பாட்டுகள். (துணியை ஊறவைத்தது பழைய மூத்திரத்தில். பாட்டில் அந்த வாடை இல்லை.) ‘டோபர் அன் துவால்கஸ்’ இணையதளத்தில் இப்படிப்பட்ட களப்பதிவுகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

இப்போது பேண்டுக்கு வாருங்கள். இரண்டு மூன்று மெட்டுகளை நிறுத்தாமல் கோத்து வாசிப்பார்கள். தெரியாதவர்கள் ஒரே பாட்டு என்று நினைத்துக்கொள்வார்கள். நீங்கள் ஆதி தாளத்தை விடாதீர்கள். நான்கு ஆவர்த்தனச் சுற்று இரண்டு மூன்று தடவை வந்ததும் மெட்டு மாறும்; அந்த இடத்தில்தான் கூட்டம் ஆர்ப்பரிக்கும். பெரிய பைப்பைப் பிடிலோடு மேடையில் சேர்த்துக் கேட்க டானஹில் வீவர்ஸ், பேட்டில்ஃபீல்ட் பேண்ட். அண்ணன் ஜானி கன்னிங்காமின் பிடிலும் தம்பி ஃபில்லின் அக்கார்டியனும் ஒரே வரியில் பறப்பதைக் கேட்க சில்லி விசர்ட். கேலிக் பாட்டுக்குக் கேப்பர்கெய்லி. 1992-ல் துணியடிக்கும் பாட்டு ஒன்றை பிரிட்டனின் முதல் நாற்பது பட்டியலுக்குள் கொண்டுபோனவர்கள். மார்ட்டின் பென்னட் 2003-ல் பழைய பாடகர்களின் குரலை மின்னிசைக்குள் வைத்துச் செய்ததும் உண்டு. எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் ஜீனியின் குரல் காதில் பதிந்த பிறகு அதற்குப் போங்கள்.