டிராப்பிஸ்ட்-1இ கோளுக்குக் கற்பனைக் குறிப்பு எழுதுகிறீர்களா? இதையெல்லாம் தவிருங்கள்

நிஜமாகவே இருக்கும் ஒரு புறக்கோளை, அதாவது சூரியனை அல்லாமல் வேறொரு விண்மீனைச் சுற்றும் கோளை எடுத்து, அதற்கு வானிலை, ஊர்கள், உயிர்கள் என்று கற்பனையாகக் குறிப்பு எழுத நிறையப் புதியவர்கள் வருகிறார்கள். பலரும் கை வைப்பது டிராப்பிஸ்ட்-1இ மேல்தான். கும்ப விண்மீன் கூட்டத்தில், சுமார் 40 ஒளியாண்டு தூரத்தில், பூமியின் ஆரத்தில் 0.92 மடங்கு. ஆசை வரத்தான் செய்யும். பெயரைத் தப்பாக எழுதுவது போன்ற சில்லறைப் பிழைகளை விட்டுவிடலாம். மற்றதில் நாங்கள் ஆரம்பத்தில் சொதப்பியதையே இவர்களும் அச்சு அசலாகச் செய்கிறார்கள்.

சூரிய உதயம்

இதைப் பார்த்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. அண்மையில் ஒரு பையன் தடிமனான கோப்பு ஒன்றை அனுப்பியிருந்தான். விடியலில் வலை இழுக்கும் மீனவர்கள், உச்சிவெயிலில் சந்தை, பொழுது சாய்ந்ததும் கூடும் ஊர்க்கூட்டம்... நன்றாகவே எழுதியிருந்தான், அதனால்தான் வயிற்றெரிச்சல். இந்தக் கோள் தன் விண்மீனிலிருந்து 0.03 வானியல் அலகுகூட (பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள சராசரித் தூரம் ஓர் அலகு) இல்லாத தூரத்தில் சுற்றுகிறது. அவ்வளவு நெருக்கத்தில் ஈர்ப்பு அதன் சுழற்சியைக் கட்டிப்போட்டு, ஒரே முகத்தை விண்மீன் பக்கம் திருப்பி வைத்திருக்கும் என்பதுதான் பெரும்பாலான ஆய்வாளர்களின் கணக்கு. ஒரு பாதி எப்போதும் பகல், மறுபாதி எப்போதும் இரவு. விடியல் என்று ஒன்று கிடையாது.

வேறு தவறென்றால் ஒரு வரியை மாற்றினால் முடிந்தது. இதில் காலண்டர் போகும், தூக்க நேரம் போகும், பயிர்ப்பருவம் போகும், காற்று வீசும் விதம்கூட மாறிவிடும், ஏனென்றால் பகல் பக்கம் சூடாகி மேலெழும் காற்று இரவுப் பக்கம் போய்க் குளிர்ந்து திரும்பும். “கோளைக் கொஞ்சம் சுழலவிட்டால் ஆச்சு அண்ணே” என்றான். சரி, விடலாம். பக்கத்துக் கோள்களின் இழுப்பால் இந்தப் பூட்டு தளரலாம் என்று சொல்லும் ஆய்வுகளும் உண்டு. ஆனால் அப்போதும் விண்மீன் வானத்தில் மெல்ல ஊர்ந்து போகுமே தவிர, தினமும் காலை ஆறு மணிக்கு எழுந்து வராது. மொத்தக் கோப்பையும் திரும்ப எழுதத்தான் வேண்டும்.

வயது

அங்கே ஓர் ஆண்டு 6.1 பூமி நாள். உங்கள் ‘ஐம்பது வயதுத் தலைவர்’ பிறந்து பத்து மாதம்தான் ஆகிறது.

பச்சை இலை

அந்த விண்மீன் நாம் பார்க்கும் சூரியனைவிட நான்கு மடங்கு அகலமாகத் தெரியும், ஆனால் ஒளியில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. உறைக்கும், வெளிச்சம் மட்டும் மங்கல். அதை நம்பி வாழும் செடிக்கு நம் ஊர்ப் பச்சையை அப்படியே பூசாதீர்கள்.

இரண்டு நிலா

எதற்கு? டி, எஃப் ஆகிய பக்கத்துக் கோள்கள் நெருங்கி வரும்போது நம் நிலா அளவுக்குத் தெரியுமே.

அளந்ததும் அளந்துவிட்டதும்

ஆரம், நிறை, சுற்றுக்காலம் மூன்றும் அளந்தவை. காற்று மண்டலம் இருக்கிறதா என்பதே இன்னும் உறுதியாகவில்லை, ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆகவே ‘ஆக்சிஜன் 21 சதவீதம்’ என்பதை ஆரத்துக்குப் பக்கத்திலேயே எழுதாமல், கற்பனையைத் தனி நிறத்தில் வையுங்கள்.

எடை

இங்கே 60 கிலோ காட்டும் தராசு அங்கே சுமார் 49 காட்டும். யாரும் பறக்க மாட்டார்கள்.