வாயில் கம் ஷீல்டு இருந்தும் பல் உடைவது ஏன்?

கம் ஷீல்டு (பல்லைக் காக்க வாயில் மாட்டிக்கொள்ளும் கவசம்) இல்லாமல் ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) செய்யாதே, அடுத்தவன் போட்டதைக் கழுவிப் போட்டுக்கொள்ளாதே என்பதெல்லாம் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவற்றை விட்டுவிடுகிறேன். குத்துச்சண்டை பழகப் புதிதாக வரும் பிள்ளைகள், அந்தக் காலத்தில் நாங்கள் செய்த அதே கோளாறுகளை வரிசை மாறாமல் செய்வதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். ஹாக்கி, கபடி, கூடைப்பந்து ஆடுகிறவர்களுக்கும் பெரும்பாலானது பொருந்தும்.

கடையில் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று ரெடிமேட். பாக்கெட்டைப் பிரித்து அப்படியே வாயில் போடுவது. பல்லைக் கடித்துக்கொண்டே இருந்தால்தான் நிற்கும். மூச்சு வாங்க வாயைத் திறந்தால் விழும். வாங்காதீர்கள், அவ்வளவுதான். இன்னொன்று வெந்நீரில் இளக்கிப் பல்லுக்குப் பொருத்திக்கொள்வது. இவை போக, பல் டாக்டரிடம் அளவு கொடுத்துச் செய்வது தனி. நம்மில் முக்கால்வாசிப் பேர் வெந்நீர் வகையைத்தான் வாங்குகிறோம். வாங்குவதில் தப்பில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் அதை என்ன பாடு படுத்துகிறார்கள் என்பதில்தான் என் எரிச்சல்.

இளகியிருக்கும்போது ஓங்கிக் கடிப்பது

எங்களிடம் பழகிய ஒரு கல்லூரிப் பையன். வாயைத் திறந்து தலையைக் குலுக்கினாலும் அவன் ஷீல்டு அசையாது. "பாருங்க மாஸ்டர், செம ஃபிட்" என்று எல்லாரிடமும் காட்டுவான். ஒரு நாள் ஸ்பாரிங்கில் வாய் லேசாகத் திறந்திருந்த நேரம் பார்த்து ஓர் அப்பர்கட் (கீழிருந்து தாடையை நோக்கி மேலே வரும் குத்து) விழுந்தது. முன்பற்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கீழ்க் கடைவாய்ப் பல்லின் ஒரு பக்கம் சில்லாகப் பெயர்ந்து வந்துவிட்டது. ஷீல்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கடைவாய்ப் பகுதியில் என் விரல் அந்தப் பக்கம் தெரிந்தது. ரூட் கெனால், அப்புறம் கேப் என்று ஆன செலவில் டாக்டரிடமே நல்ல ஷீல்டு செய்து வாங்கியிருக்கலாம். அவன் அப்பா என்னிடம் கேட்டது இதைத்தான்: "போட்டுட்டுத்தானே இருந்தான் மாஸ்டர், அப்புறம் எப்படி?"

எப்படி என்றால் இப்படித்தான். பெரும்பாலான ஷீல்டுகள் எத்திலீன் வினைல் அசிடேட் என்ற பொருளால் ஆனவை, சுருக்கமாக ஈ.வி.ஏ. சூடு பட்டால் இளகும், ஆறினால் அதே வடிவில் இறுகும். இளகிய நிலையில் பலம் கொண்ட மட்டும் கடித்தால், மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவில் இருக்க வேண்டிய பொருள் பக்கவாட்டில் பிதுங்கிப் போய்விடும். பல் ஆழமாகப் பதிந்திருப்பதால் பிடிப்பு மட்டும் பிரமாதமாக இருக்கும். ஆனால் அடியை வாங்க வேண்டிய மெத்தை அங்கே இல்லை. தாடையில் கீழிருந்து குத்து விழும்போது கீழ்ப் பல் மேல் பல்லில் நேராக மோதுகிறது. முன்பக்கம் சுமார் 3 மி.மீ., பல் கடிபடும் இடத்தில் 2 மி.மீ. கனம் என்பது பல் மருத்துவத்தில் வழக்கமாகச் சொல்லும் அளவு. பிடிப்பைச் சோதிக்கிறவர்கள் பலர். இந்தக் கனத்தைச் சோதிக்கிறவர் யாரையும் நான் அதிகம் பார்த்ததில்லை.

வீடியோக்களும் ஒரு காரணம். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்கக் கடித்துக் காட்டுகிறார்கள். பிள்ளைகளும் அதையே செய்கிறார்கள்.

சரி, எப்படிச் செய்வது? கொதிக்கிற பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டு, பாக்கெட்டில் போட்டிருக்கும் நொடிக் கணக்குக்கு மட்டும் முக்குங்கள். எடுத்து உதறி, ஒரு நொடி குளிர்ந்த நீரில் காட்டுங்கள். இல்லாவிட்டால் ஈறு வெந்துவிடும். கண்ணாடி முன் நின்று, ஷீல்டின் நடு, மேல்வரிசையின் நடுவோடு சேரும்படி வையுங்கள். இனி வேலை உதட்டுக்கும் விரலுக்கும் நாக்குக்கும்தான். உதட்டுக்கும் கன்னத்துக்கும் வெளியிலிருந்து விரலால் அழுத்துங்கள், நாக்கை மேலண்ணத்தில் அழுத்துங்கள், உள்ளிருக்கும் காற்றையும் நீரையும் உறிஞ்சுங்கள். கீழ்ப் பல் தொட்டும் தொடாமலும் ஒட்டினால் போதும். ஆறியதும் எடுத்துக் குளிர்ந்த நீரில் போடுங்கள்.

பிறகு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கடைவாய்ப் பகுதி கண்ணாடிக் காகிதம் போல இருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள். மறுபடி வெந்நீரில் போட்டால் சரியாகும் என்று நினைக்க வேண்டாம். பிதுங்கிய பொருள் திரும்பி வராது, இன்னும்தான் மெலியும். கைக்காசு போட்டுப் பழகும் பிள்ளைகளிடம் இதைச் சொல்ல எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் கேப் போடும் செலவு இதைவிடப் பல மடங்கு.

டாக்டரிடம் "கனம் எவ்வளவு" என்று கேட்காதது

அளவு கொடுத்துச் செய்தாலும் இதே கதை உண்டு. 4 மி.மீ. ஈ.வி.ஏ. தகட்டைச் சூடாக்கி உங்கள் பல் அச்சின் மேல் இழுக்கும்போதே அது மெலிந்துவிடும். குத்துச்சண்டைக்கு என்று முதலிலேயே சொல்லி, அழுத்த முறையில் (தகடுகளை அழுத்தி ஒட்டுவது) இரண்டு அடுக்காகச் செய்ய முடியுமா என்று கேளுங்கள். சொத்தைப் பல் இருந்தால் முதலில் அடைத்துவிட்டு அப்புறம் அளவு கொடுங்கள். இரவில் பல்லை நறநறக்கிறவர்களுக்குக் கொடுக்கும் கடினமான கவசத்தைப் போட்டுக்கொண்டு ரிங்குக்கு வந்தவர்களும் உண்டு. அது வேறு, இது வேறு.

பின்பக்கத்தை வெட்டித் தள்ளுவது

குமட்டுகிறது என்று கத்தரிக்கோலை எடுத்து முன் ஆறு பல் அளவுக்குக் குறைத்துவிடுகிறார்கள். குட்டை ஷீல்டு அடி பட்டதும் கழன்றுவிடும். தொண்டைக்குள் போனால் மூச்சே அடைக்கும். குறைந்தது முதல் பெரிய கடைவாய்ப் பல் வரையாவது மூட வேண்டும். வெட்டத்தான் வேண்டும் என்றால் ஒரு மி.மீ., போட்டுப் பார், இன்னொரு மி.மீ. என்று போங்கள்.

கம்பி கட்டிய பல்லில் வெந்நீர் ஷீல்டு

கூடவே கூடாது. இளகியது கம்பிக்குள் புகுந்து இறுகினால், கழற்றும்போது பல்லில் ஒட்டிய பிராக்கெட்டும் சேர்ந்து வரும். கம்பிக்கென்றே சிலிகான் ஷீல்டு இருக்கிறது. கம்பி கட்டிய டாக்டரையே கேளுங்கள்.

பிள்ளைகளுக்கு "வளர்த்தியாக" வாங்குவது

பள்ளிச் சட்டையை அப்படி வாங்கலாம். இதை வாங்க முடியாது. சுமார் 6 வயதிலிருந்து 12 வரை பால் பல் விழுந்து புதுப்பல் முளைத்துக்கொண்டே இருக்கும், போன சீசன் ஷீல்டு இந்த சீசனுக்கு உட்காராது. விலை குறைந்ததை அடிக்கடி மாற்றுவதே அந்த வயதுக்குச் சரி.

சிவப்பு நிறம்

அமெச்சூர் குத்துச்சண்டையில் அனுமதி இல்லை. ரத்தம் வந்தால் நடுவர் கண்ணுக்குத் தெரியாது.

மேலும் கீழும் சேர்ந்த இரட்டை ஷீல்டு

மூச்சு முட்டும். மேல் வரிசைக்குப் போதும். கீழ்த்தாடை முன் தள்ளியிருப்பவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக் கீழ் வரிசைக்குச் செய்துகொள்ளலாம்.

மூளைக்கும் கவசம் என்று நம்புவது

2013-இல் அமெச்சூர் குத்துச்சண்டையின் ஆண்கள் சீனியர் பிரிவில் ஹெட்கார்டை, அதாவது தலைக்கவசத்தை, எடுத்தார்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் வெறுந்தலையோடுதான் மோதினார்கள். ஷீல்டு மட்டும் இருந்தது. அதிலிருந்து, ஷீல்டு இருந்தால் தலைக்கும் பயமில்லை என்று ஒரு பேச்சு ஓடுகிறது. சில பாக்கெட்டுகளிலும் அப்படி அச்சடித்திருக்கிறார்கள். மூளை அதிர்ச்சியை இது தடுக்கும் என்று உறுதியாகச் சொல்ல ஆதாரம் இல்லை. குத்து வாங்கித் தலை சுற்றினால், வாயில் எவ்வளவு விலை உயர்ந்த ஷீல்டு இருந்தாலும் அன்றைக்குக் கையுறையைக் கழற்றிவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

வண்டி டிக்கியில் வைப்பது

மே மாத வெயிலில் நிறுத்திய ஸ்கூட்டரின் சீட்டுக்கு அடியில் ஷீல்டு தானாகவே இளகி வளைந்துவிடும். பச்சைத் தண்ணீரில் கழுவி, மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்து, துளை போட்ட டப்பாவில் வையுங்கள். மென்று மென்று ஓரம் பிய்ந்திருந்தால் அடுத்த ஸ்பாரிங்குக்கு முன் மாற்றிவிடுங்கள்.